பட்டை மணக்கும் மாயக்கதைகள்

அரேபியாவில் ராட்சதப் பறவைகள் இருந்தன. எங்கிருந்தோ பட்டைக் குச்சிகளைக் கொத்தி வந்து, மனிதக் கால் படாத செங்குத்துப் பாறைகளில் களிமண்ணால் ஒட்டிக் கூடு கட்டின. கீழே இருந்தவர்கள் செத்த மாட்டையும் கழுதையையும் பெரிய துண்டங்களாக வெட்டிப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பறவைகள் இறைச்சியைத் தூக்கிப்போய்க் கூட்டில் வைக்க, பாரம் தாங்காமல் கூடு உடைந்து விழுந்தது. ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டார்கள். பட்டை இப்படித்தான் கிடைக்கிறது என்று சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்தவர், வரலாற்றின் தந்தை என்று நாம் பள்ளியில் படித்த ஹெரோடோட்டஸ்.

மிளகுக்கும் ஒரு கதை உண்டு. ஏழாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகர ஆயராக இருந்த இசிடோர் எழுதினார்: மிளகுக் காடுகளைப் பாம்புகள் காவல் காக்கின்றன, அவற்றை விரட்ட ஊர்க்காரர்கள் காட்டுக்குத் தீ வைக்கிறார்கள், மிளகு கறுத்துப்போனது அந்தத் தீயில்தான்.

ரோமானிய அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே பட்டைக் கதையை மறுத்துவிட்டார். சரக்கின் விலையை ஏற்றுவதற்காக வணிகர்கள் கட்டிவிட்ட கதை இது என்றார். சொன்னவர்களுக்கு அதுதான் காரணமாக இருந்திருக்கும். ஆனால் கேட்டவர்கள் எதற்காக நம்பினார்கள்? விலை ஏறியதால் அவர்களுக்கு எந்த லாபமும் இல்லையே. நம் வீட்டு அடுப்பில் வேகும் பண்டத்தில் ஒரு சிட்டிகை தூவுகிறோம், அது ஒரு பறவையின் கூட்டிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருந்திருக்கிறது. சமையல்கட்டுக்கும் மாயக்கதைக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. அந்த உறவு இன்றும் உயிரோடு இருப்பதை மட்டாஞ்சேரியில் பார்த்தேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கிடங்குகளின் தெரு

கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் அரண்மனையையும் யூதர் தெருவையும் பார்த்துவிட்டுப் படகேறிவிடுவார்கள். இரண்டையும் ஒட்டி ஓடும் பஜார் ரோட்டில் கொஞ்சம் நின்றால்தான் ஊர் பிடிபடும். ஓடு வேய்ந்த பழைய கிடங்குகள், சாக்கு மூட்டைகள், தராசுகள். சுக்கு, மிளகு, ஏலம், பட்டை எல்லாம் கலந்த ஒரு வாடை சுவரிலேயே ஊறியிருக்கிறது. வணிகம் பழைய வேகத்தில் இல்லை. 1957-ல் தொடங்கிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் கூடத்தில் ஒரு காலத்தில் தரகர்கள் ஒருவர் மேல் ஒருவர் கத்தி மிளகுக்கு விலை கேட்டார்கள். அந்தச் சத்தம் கணினிக்குள் போய்விட்டது. பல கிடங்குகள் ஓவியக் கூடமாகவும் காபிக் கடையாகவும் மாறிவிட்டன.

இங்கே கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் தெலுங்கும் பேசுகிறார்கள். தமிழும்தான். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியின் வெளி மைதானத்தை ஒட்டிய தோபி கானாவில் இன்றும் துணி துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுப்பவை தமிழ்க் குடும்பங்கள். டச்சுக்காரர் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். இந்த ஊர்த் தமிழில் மலையாளம் கலந்திருப்பதைக் கேட்பதே தனி இன்பம்.

மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்த்துகீசியர்கள் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே ராஜாவின் பள்ளியறையைப் பாருங்கள். சுவர் முழுக்க ராமாயணம். சிவப்பும் பச்சையும் காவியுமாக, இடைவெளியே விடாமல் உருவத்தோடு உருவம் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். தசரதன் வேள்வியில் தொடங்குகிறது கதை. வேள்வித் தீயிலிருந்து பாயசப் பாத்திரத்தோடு ஒரு பூதம் எழுந்து வர, அந்தப் பாயசத்தை ராணிகள் குடிக்க நான்கு பிள்ளைகள் பிறக்கிறார்களே, அந்த வேள்விதான். கப்பலும் பீரங்கியும் வாசலில் வந்து நின்ற காலத்தில், ஒரு ராஜா கண்ணை மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்க்க விரும்பியது பேசும் குரங்கும் பத்துத் தலை அரக்கனும் பறக்கும் தேரும் உள்ள கதையைத்தான். மாயக்கதை குழந்தைகளுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நான் இந்த அறையைத்தான் காட்டுவேன்.

பக்கத்திலேயே 1568-ல் கட்டிய பரதேசி சினகாக். தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பது ஊர்ப் பேச்சு. சல்மான் ருஷ்டி 1995-ல் வெளியிட்ட ‘தி மூர்ஸ் லாஸ்ட் சை’ நாவலில் இந்த ஓடுகள் கதை சொல்கின்றன. மிளகு மூட்டைகளுக்கு நடுவே காதல் பிறக்கிறது. நாயகனோ மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் முதுமையடைகிறான். மட்டாஞ்சேரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மாயம் தானாக வந்து புகுந்துவிடுகிறது போலிருக்கிறது.

நூலால் அறுபடும் மாவு

மட்டாஞ்சேரியில் நான் போன வீட்டில் சமையலறை அகலம் இரண்டு பேர் ஒதுங்கி நிற்கும் அளவுதான். ஒரு கேஸ் அடுப்பு, ஒரு மிக்ஸி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு சின்ன ஓடிஜி ஓவன். வீட்டுக்கார அக்கா ஒரு சுக்குக் கிடங்கில் வருடக்கணக்காகக் கணக்கு எழுதியவர். கிடங்கு மூடியது, பிறகு 2020 ஊரடங்கு வந்தது. கல்லூரியில் படிக்கிற மகளும் அவரும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தபோது தொடங்கியது இந்த பேக்கிங் வேலை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துக்குக் கொஞ்சம் விற்கவும் செய்கிறார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவும் வைத்திருக்கிறார். சிறு அளவில் வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு அது போதும்.

அன்று பட்டை ரோல். மைதாவில் ஈஸ்ட், சர்க்கரை, உப்பு. பாலைச் சூடாக்கி, விரல் வைத்தால் சுடாத பதத்தில் ஊற்றினார். ஒரு முட்டை. பிசையும்போது முதலில் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது. மேலும் மாவு தூவவில்லை. “தூவினா கட்டியாயிடும். பொறுத்தா தானே வழிக்கு வரும்” என்றார். பத்து நிமிடம் உள்ளங்கையால் தள்ளி, மடக்கி, தள்ளிப் பிசைந்த பிறகு மாவு கையை விட்டுவிட்டது. வெண்ணெயைக் கடைசியில் சேர்த்தார். கொச்சிப் புழுக்கத்தில் முதலிலேயே சேர்த்தால் உருகி வழியும்.

ஈரத் துணியால் மூடிவைத்தபின் பட்டையை எடுத்தார். “கடையில வாங்கும்போது விரலால நசுக்கிப் பாருங்க. காகிதம் காகிதமாப் பொடிஞ்சா அதுதான் நல்லது. கட்டையா நின்னா அது வேற சாதனம். பிரியாணிக்குப் போதும்.” கிடங்கில் இருந்த கை. மெல்லிய சுருள் பல அடுக்காக இருப்பது இலங்கையும் கேரளமும் அறிந்த உண்மையான பட்டை. தடித்த ஒற்றைச் சுருள் காசியா, அதன் உறவுக்கார மரம். இரண்டும் இதே தெருவில் விலைக்குக் கிடைக்கின்றன.

மாவு உப்ப முக்கால் மணி நேரம் ஆகும். அதுதான் கதை நேரம்.

மகள் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து, ஒரு பத்தி மனதுக்குள் படித்து, அதைத் தமிழும் மலையாளமுமாக அம்மாவுக்குச் சொல்கிறாள். அன்று ஓடிக்கொண்டிருந்தது டி. கிங்ஃபிஷர் எழுதிய ‘எ விசார்ட்ஸ் கைட் டு டிஃபென்சிவ் பேக்கிங்’. மோனா என்கிற பதினான்கு வயதுச் சிறுமிக்கு மந்திர சக்தி இருக்கிறது. ஆனால் அது மாவிடம் மட்டும்தான் பலிக்கும். இடியையும் மின்னலையும் ஏவும் பெரிய மந்திரவாதிகள் நடுவே அவள், பழையதாகாமல் ரொட்டியைக் காக்கவும் இஞ்சி பிஸ்கட் பொம்மையை ஆடவைக்கவும் தெரிந்தவள். அத்தையின் பேக்கரி நிலவறையில் ஒரு வாளி நிறையப் புளித்த மாவு இருக்கிறது. அதற்கு பாப் என்று பெயர். பசி வந்தால் அதன் குணம் மாறிவிடும். ஊருக்குப் படையெடுப்பு வரும்போது பெரியவர்கள் கைவிட்ட நகரத்தை இந்தச் சிறுமியும் அவள் மாவும்தான் காக்க வேண்டியிருக்கிறது. 2020-ல் வந்த இந்த நாவல் ஆண்ட்ரே நார்ட்டன் விருதும் லோட்ஸ்டார் விருதும் வாங்கியது.

“இந்தப் பொண்ணு சொன்னா மாவு கேக்குது பாருங்க” என்றார் அக்கா, துணியை விலக்கி ஒரு விரலால் அழுத்திப் பார்த்தபடி. விரல் பட்ட குழி மெல்ல நிரம்பியது. “எனக்கும் கேக்கும். ஆனா நேரம் எடுக்கும்.”

சப்பாத்திக் கட்டையால் நீளச் சதுரமாகத் தேய்த்தார். வெண்ணெய் தடவி, வெல்லப் பொடியும் பட்டைத் தூளும் தூவிப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டினார். கத்தி எடுப்பார் என்று நினைத்தேன். பூ கட்டும் நூலை எடுத்தார். சுருளுக்கு அடியில் நூலை நுழைத்து, மேலே இரண்டு முனைகளையும் குறுக்கே போட்டு இழுத்தார். நசுங்காமல், உள்ளே இருந்த சுருள் கோடு கலையாமல், வட்டம் வட்டமாக அறுந்து விழுந்தது. கத்தி வைத்தால் மாவு அமுங்கிவிடும். இன்னொரு அரை மணி நேரம் உப்பவைத்து, 180 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம். அந்த அரை மணியில் இன்னொரு அத்தியாயம்.

மாயத்துக்கும் சட்டம் உண்டு

பட்டைத் தூளை ஏன் மாவிலேயே கலக்கவில்லை என்று கேட்டேன். கலந்தால் சரியாக உப்பாது என்றார். உண்மைதான். பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடு நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும். ஈஸ்டும் ஒரு நுண்ணுயிர். மாவில் பட்டை அதிகமானால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். அதனால்தான் உலகெங்கும் பட்டை ரோலில் பட்டை உள்ளே சுருளாக ஒளிந்திருக்கிறது.

மாவு பிசைவதிலும் மாயக்கதை கேட்பதிலும் கிடைக்கும் ஆறுதலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓவனில் வைத்துச் செய்யும் வேலையில் சட்டம் இருக்கிறது. குழம்பில் உப்பு குறைந்தால் இறக்கிய பின்னும் போடலாம். கேக்கில் சோடாவை மறந்தால் மறந்ததுதான். சோடாவுக்குத் தயிர் போன்ற புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடருக்கு அது தன்னுள்ளேயே இருக்கிறது. மழைக்காலத்தில் மைதா காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும், பாலைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். இந்தச் சட்டங்கள் கறாரானவை. ஆனால் நேர்மையானவை. இருபது வருடம் ஒழுங்காகக் கணக்கு எழுதியவருக்குக் கிடங்கு மூடும்போது எந்தச் சட்டமும் துணைக்கு வரவில்லை. மாவு அப்படி ஏமாற்றுவதில்லை. கொடுத்த உழைப்புக்கு உண்டான பலனை இரண்டு மணி நேரத்தில் கையில் தருகிற வேலைகள் இன்றைய வாழ்க்கையில் எத்தனை மிச்சமிருக்கின்றன?

நல்ல மாயக்கதையும் இதே மாதிரி சட்டத்தால் ஆனது. எதுவும் நடக்கலாம் என்றால் அது கதையே இல்லை. மோனாவின் மந்திரம் மாவைத் தாண்டாது. அந்த எல்லைதான் நம்மைப் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துப்போகிறது. இந்த ரகசியத்தை மணிமேகலையைப் பாடிய நம் சாத்தனார் எப்போதோ அறிந்திருந்தார். மணிமேகலையைத் தெய்வம் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் இறக்குகிறது. கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி எழுந்து அவள் கைக்கு வருகிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். ஆனால் வந்தவுடன் சோறு சுரந்துவிடவில்லை. ஆதிரையின் கையால் முதல் பிச்சை விழ வேண்டும் என்பது விதி. விழுந்த பிறகுதான் யானைத்தீ என்னும் தீராப் பசி கொண்ட காயசண்டிகையின் வயிறு நிறைகிறது. தெய்வம், தீவு, கடல், சாபம் எல்லாம் இருந்தும் தமிழின் பெரிய மாயக்காப்பியம் நடுவில் வைத்தது ஒரு சோற்றுப் பாத்திரத்தை. அரியணையையோ வாளையோ வைக்கவில்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நம் மொழி மீது பெருமையாக இருக்கிறது.

சின்னச் சின்னப் படைப்பு வேலைகள் மனதுக்கு என்ன செய்கின்றன என்று நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். 658 இளைஞர்கள் 13 நாள் தினமும் தங்கள் மனநிலையையும் செய்த வேலைகளையும் குறித்துவைத்தார்கள். ஒரு நாள் எதையாவது ஆக்கியவர்கள் மறுநாள் கூடுதல் உற்சாகத்தோடும் மலர்ச்சியோடும் இருந்ததாக 2016-ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. அந்த ‘மறுநாள்’தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தின்றால் வரும் இன்பம் அன்றே தீர்ந்துவிடும். செய்ததால் வருவது அடுத்த நாளைக்கும் மிஞ்சுகிறது.

மேலே கனல், கீழே கனல்

ஓடிஜி இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் சரி, இல்லாதவர்கள்? இந்தக் கேள்வி நியாயமானது. மட்டாஞ்சேரியின் நெருக்கடியான வரிசை வீடுகளில் ஓவன் எல்லோருக்கும் கிடையாது. ஆனால் ஓவன் வருவதற்கு வெகு காலம் முன்பே மலபார் இந்த வித்தையைப் பிடித்துவிட்டது. அரிசி மாவு, வெல்லம், தேங்காய்ப் பல், நெய்யில் வறுத்த சின்ன வெங்காயம் சேர்த்துச் செய்யும் கலத்தப்பத்தைப் பாத்திரத்தில் ஊற்றி, மூடியின் மேல் தேங்காய் ஓட்டுக் கனலைப் போடுவார்கள். அடியிலும் சூடு, தலையிலும் சூடு. ஓவன் என்பது வேறென்ன? பிறகு குக்கர் வந்தது. அடியில் உப்போ மணலோ பரப்பி, வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே கிண்ணத்தை வைத்துக் கேக் சுட்ட தலைமுறை தமிழ்நாட்டிலும் உண்டு. கரண்ட் போனாலும் கேக் நிற்காது என்பது அந்த முறையின் கூடுதல் வசதி.

கேரளத்தின் கேக் கதையும் பட்டையிலிருந்தே தொடங்குகிறது. தலச்சேரி மாம்பள்ளி பாபு பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்று வந்து 1880-ல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கினார். 1883-ல் அவர் கடைக்கு மர்டாக் பிரவுன் வந்தார். அஞ்சரக்கண்டியின் புகழ்பெற்ற பட்டைத் தோட்டத்தின் துரை. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிளம் கேக்கைக் கொடுத்து, கிறிஸ்துமஸுக்கு இதே போல் வேண்டும் என்றார். பாபு அதற்கு முன் கேக் செய்ததில்லை. துரை சொன்னது பிரெஞ்சு பிராந்தி. பாபு ஊற்றியது முந்திரிப் பழத்திலிருந்து இறக்கிய உள்ளூர்ச் சரக்கு. கதலிப் பழம் சேர்த்தார். அச்சை தர்மடத்துக் கொல்லர் அடித்துக் கொடுத்தார். டிசம்பர் 20 அன்று கேக்கைத் தின்று பார்த்த துரை இன்னும் ஒரு டஜனுக்கு ஆர்டர் கொடுத்தார் என்று தலச்சேரியில் இன்றும் சொல்கிறார்கள். தெரியாத ஊரின் பண்டத்தைத் தெரிந்த ஊரின் பொருளால் கட்டி எழுப்பிய பாபுவைக் கேரளத்து வீட்டு பேக்கர்கள் எல்லோருக்கும் முன்னோடி என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கொச்சிக்கு இன்னொரு கிளையும் உண்டு. டச்சுக்காரர்கள் விட்டுப்போன புரூடர் என்னும் ரொட்டி: முட்டையும் வெண்ணெயும் உலர் திராட்சையும் சேர்த்து, நடுவில் ஓட்டை உள்ள அச்சில் சுடுவது. ஃபோர்ட் கொச்சியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அதை மறக்கவில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையின் பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் காலையில் அதே புரூடரைச் சிவப்புத் தோல் சீஸோடு சாப்பிடுகிறார்கள். டச்சுக் கம்பெனி போய் இருநூறு ஆண்டு தாண்டிவிட்டது. கோட்டைகளில் பாதி இடிந்துவிட்டது. ரொட்டி நிற்கிறது.

சிறையும் கதவும்

‘படிச்சது போதும், ஏதாவது உருப்படியாச் செய்’ என்ற ஏச்சு மாயக்கதை படிக்கிறவர்கள் எல்லோருக்கும் பழக்கம். வாழ்க்கையைச் சந்திக்கத் துணிவில்லாமல் ஓடி ஒளிகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இதற்குச் சரியான பதிலை 1939-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் டோல்கீன் சொன்னார். சிறைப்பட்டவன் வீட்டுக்குத் தப்பிப் போக நினைப்பதும், போர்க்களத்திலிருந்து வீரன் புறமுதுகிட்டு ஓடுவதும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பாதீர்கள் என்பது அவர் வாதம். சிறைக்குள் இருப்பவன் சிறைச் சுவரைத் தவிர வேறெதையும் பேசக் கூடாதா என்று அவர் கேட்டார். அது சாதாரண மனிதர் சொன்ன சொல் அல்ல. முதல் உலகப் போரின் சோம் களத்தில் நின்றவர், நெருங்கிய நண்பர்களைப் போரில் இழந்தவர்.

அந்த டோல்கீன் 1937-ல் வெளியிட்ட ‘தி ஹாபிட்’ எப்படித் தொடங்குகிறது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டிராகனோ போரோ முதலில் இல்லை. ஒரு வசதியான வளை, நிறைந்த உணவறைகள், அன்று மதியம் தானே சுட்டுவைத்த சீமைச் சோம்பு கேக்கை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நொறுக்க நினைத்திருக்கும் பில்போ. அழைக்காத விருந்தாளிகளாகக் குள்ளர்கள் வரிசையாக வந்து அந்தக் கேக்கையும் கேட்கிறார்கள். நவீன மாயக்கதையின் முதல் பெரிய நாயகன் ஒரு வீட்டு பேக்கர். பிறகு அவன் எத்தனை மலை ஏறினாலும் பசித்த வேளையில் நினைப்பது தன் அடுப்பங்கரையைத்தான்.

இப்போது அந்த அடுப்பங்கரையே கதையின் மையத்துக்கு வந்துவிட்டது. டிராவிஸ் பால்ட்ரீ 2022-ல் வெளியிட்ட ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ நாவலில் விவ் என்கிற ஓர்க் இனத்துப் பெண் வாள் வீச்சை விட்டுவிட்டு, காபி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் காபிக் கடை போடுகிறாள். உலகம் அழியப்போவதில்லை. ராஜ்யம் கவிழப்போவதில்லை. கடைக்கு ஆள் வருமா என்பதுதான் கவலை. அதிகம் பேசாத, எலி உருவம் கொண்ட திம்பிள் வேலைக்குச் சேர்கிறான். அவன் முதலில் சுட்டு எடுப்பது பட்டை ரோல். அந்த மணம் தெருவுக்குப் போகிறது, கூட்டம் வருகிறது. ஆசிரியர் தானே வெளியிட்ட சிறு நூல், பிறகு பெரிய பதிப்பகத்துக்குப் போய், ஹ்யூகோ, நெபுலா விருதுகளின் இறுதிப் பட்டியல்வரை சென்றது. கொரோனாவின் களைப்பிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த வாசகர்கள் அப்படி ஒரு கதைக்குக் காத்திருந்தார்கள்.

அக்காவின் வீட்டில் பட்டை ரோல் தொடங்கியதே இந்தப் புத்தகத்தால்தான். மகள் படித்துச் சொன்னாள். அது என்ன ரோல், செய்து பார்ப்போம் என்று அம்மா கிளம்பினார். இதைக் கேட்டபோது எனக்கு ஹெரோடோட்டஸின் வாசகர்கள் நினைவுக்கு வந்தார்கள். கிரேக்கர்களுக்கு நம் கரைகளின் பட்டை மாயப் பொருள். மட்டாஞ்சேரி வீட்டுக்கு, அமெரிக்கர் ஒருவர் கற்பனை செய்த ஊரின் பட்டை ரோல் மாயப் பொருள். சரக்கு ஒரு பக்கம் போக, கதை மறுபக்கம் வருகிறது. முசிறியில் யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிப் போனதை அகநானூறு பாடுகிறது. அந்தக் கப்பல்களில் பொன்னோடு எத்தனை கதைகள் இறங்கியிருக்கும்! ஏலக்காய்க்கும் அப்படி ஒரு பயணம் உண்டு. இடுக்கி மலையில் விளைந்து, புற்றடியிலோ நம் போடிநாயக்கனூரிலோ ஏலம் போய், ஸ்வீடன்காரர்கள் உயிராக நினைக்கும் ஏலக்காய் பன்னின் செய்முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. ஏலக்காய் பன்னும் அந்த வீட்டில் உண்டு. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

இந்த ஆறுதலுக்கு விலை அதிகமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புத்தகங்கள் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் கேரளத்தின் மூலை முடுக்கிலெல்லாம் வாசகசாலைகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அங்கே ஐதீகமாலை இருக்கும். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை எட்டுத் தொகுதிகளாகக் கொண்டுவந்த அந்தப் பழங்கதைக் கடலில் யட்சிகளும் மந்திரவாதிகளும் யானைகளும் நிறைந்திருக்கிறார்கள். அதில் வரும் கடமற்றத்துக் கத்தனார் இந்த எறணாகுளம் மாவட்டத்துக்காரர்தான்; மந்திரம் கற்ற பாதிரியார். கள்ளியங்காட்டு நீலி என்னும் யட்சியை அடக்கியதாகச் சொல்லப்படுபவர். அந்த நீலி 2025-ல் ‘லோகா’ திரைப்படத்தின் வழியாகப் புதிய தலைமுறையிடம் வந்து சேர்ந்துவிட்டாள். மலையாளக் குழந்தைகளுக்கு பாலரமாவின் மாயாவி, நமக்கு முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா வேதாளத்தை விக்ரமாதித்தன் தோளில் ஏற்றியபடியே நம்மை வளர்த்தது. நாம் மாயக்கதைக்குப் புதியவர்கள் இல்லை. பெரியவர்களான பிறகு அதை அலமாரியில் மேலே வைத்துவிட்டோம், அவ்வளவே.

அக்காவின் மகள் இப்போது ஐதீகமாலையைத் தொடங்கியிருக்கிறாள். யட்சிக் கதை படிக்கிற நாளில் என்ன சுடுவது என்று இருவருக்கும் இன்னும் முடிவாகவில்லை. கலத்தப்பம் என்பது அம்மாவின் கட்சி. மகளுக்கு பிளம் கேக். ரம்மில் ஊறும் பழங்கள் ஏற்கெனவே பாட்டிலில் தயாராக இருக்கின்றன. எனக்கோ வேறொரு ஆசை. பஜார் ரோட்டின் பூட்டிய கிடங்கு ஒன்றில் கடை போடுகிற ஒரு யட்சியின் கதையைத் தமிழில் யாராவது எழுத வேண்டும். அவள் எவரையும் கொல்ல வேண்டாம், எந்த ராஜ்யத்தையும் மீட்க வேண்டாம். சுக்கு வாடை போகாத அந்தச் சுவர்களுக்குள் ஓர் அடுப்பைக் கட்டட்டும். சட்டத்துக்கு உட்பட்ட மந்திரம் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். தோபி கானாவிலிருந்து கஞ்சி மணத்தோடு வரும் தமிழ் அண்ணன் அவளுடைய முதல் வாடிக்கையாளராக இருக்கட்டும். எழுதுகிறவர்கள் பட்டையை நசுக்கிப் பார்த்து வாங்கும் விதத்தை மட்டும் தப்பாமல் சேர்த்துவிடுங்கள்.